பேஷண்டிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்

முதலில் பெயிண்ட் என்றுதான் நினைத்தேன். மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு ஷெட்டில் வேன்களுக்கும் பஸ்களுக்கும் பெயிண்ட் அடிக்கிறவன் நான். அன்று ஒரு வேனுக்கு அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு அடித்திருந்தோம். கழிவறையில் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்து, எவன்டா இங்கே பிரஷ்ஷைக் கழுவியது என்று கத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வலி ஏதும் இல்லை. மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் மறுபடி அதே சிவப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க ஷெட்டில் வெள்ளை மட்டும்தான் அடித்தோம்.

யாரிடம் சொல்வது? மனைவி இறந்து ஆறு வருடம். மகன் ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். பேச்சு நின்று நான்கு வருடம். தப்பு யார்மேல் என்று இங்கே எழுதப் போவதில்லை. செங்கல்பட்டில் ஒற்றை அறையில் நான் மட்டும்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போனேன். கவுண்டரில் இருந்த நர்ஸ் கேட்டது:

"கூட யாரு வந்துகிறாங்க?"

"தம்பி."

"எங்க?"

"டீ குடிக்கப் போயிகிறான்."

"பேஷண்ட்ட உட்டுட்டு டீயா? நல்ல தம்பி. அவுரு நம்பர சொல்லு பெருசு."

எனக்குத் தம்பியே கிடையாது. என் போனில் இரண்டு சிம். இரண்டாவது எண்ணைச் சொன்னேன். தம்பியின் கையெழுத்தையும் நானே போட்டேன். தனியாக இருக்கிறவனுக்கு வியாதி வரக்கூடாது என்று சட்டமா?

மரத்துப்போக ஜெல் தடவி, சிறுநீர் வருகிற வழியாகவே குழாயை விட்டார்கள். அதை விவரிக்க மாட்டேன். பக்கத்தில் டிவி. சிறுநீர்ப்பையின் உள்சுவர் வெளிர் சிவப்பாக, வழவழப்பாக இருந்தது. டாக்டரம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இதற்குத்தானா என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இருங்க. லைட்டை மாத்திப் பார்க்கறேன்."

திரை நீலமும் பச்சையுமாக மாறியது. ஒரு ஓரத்தில் மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்குப் பழுப்பாகத் தெரிந்தது. சாதா வெளிச்சத்தில் அதே இடம் சுத்தமாக இருந்தது.

"கட்டி ஆரம்பிக்கற இடத்துல ரத்தக் குழாய் அதிகமா இருக்கும். இந்த வெளிச்சம் அதை எடுத்துக் காட்டும்" என்றார்.

இதை எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டி பூசித் தேய்த்த கதவை நேராகப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் பள்ளம் தெரியும்.

"சாதா லைட்டு பொய் சொல்லும் மேடம்."

"என்ன வேலை உங்களுக்கு?"

"பெயிண்டரு. முப்பது வருசம்."

"மாஸ்க் போடுவீங்களா?"

"கர்ச்சீப்பு கட்டிக்குவேன்."

"பீடி?"

"அதுவும்தான்."

அவர் இரண்டையும் சீட்டில் குறித்துக்கொண்டார். அந்த இடத்திலிருந்து துளி சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினார்.

பத்து நாள் போனது. ஷெட்டில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், இரண்டாவது சிம் அடித்தது. அந்த எண்ணுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கவுண்டர் நர்ஸின் குரல்.

"பேஷண்ட்டோட தம்பிங்களா?"

"ஆமா."

"ரிசல்ட் வந்துட்ச்சி. கேன்சர்தான். ஆனா ஆரம்பம். மேல் தோல்லயேதான் கீது, உள்ள எறங்கல. சுரண்டி எடுத்துட்டு, அப்பறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்துகினே இருக்கணும். அவர்கிட்ட நேரா சொன்னா பயந்துடுவாரு. நீங்க பக்குவமா சொல்லுங்கண்ணா."

"சொல்றேன்."

"மயக்க மருந்து குடுப்பாங்க. அன்னிக்கும் டீ குடிக்கப் போயிடாதீங்க. கூட ஆளு இல்லன்னா உள்ளயே எடுக்க மாட்டாங்க."

எதிரே பட்டி பூசிய வேன் கதவு நின்றது. அதைப் பார்த்து, "கேன்சராம். பயப்படாத" என்று சொல்லிப் பார்த்தேன். திட்டுகிற மாதிரிதான் வந்தது. பக்குவம் எனக்கு எப்போதுமே வராது. வந்திருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருப்பான்.

இல்லாத தம்பியை ஆபரேஷன் அன்று எங்கிருந்து கூட்டிப்போவது? மகனுடைய எண்ணைப் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"இன்னா?"

சொன்னேன். பக்குவமில்லாமல், இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். அந்தப் பக்கம் மின்சார ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அது முழுக்கப் போய் முடியும்வரை நான் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.