கொத்தனார் போட்ட ஊறல்

தொண்ணூறுகளின் கடைசியில் சாணார்பட்டிப் பக்கம் எங்கள் மாதா கோயிலின் பீடத்துச் சுவர் பொரிந்து உதிரத் தொடங்கியது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று பங்குச்சாமியார் நிலக்கோட்டையிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். மேற்பார்வை வாத்தியாரான என் தலையில் விழுந்தது. நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

வந்த அன்றே கொத்தனார் ஒரு மூட்டை கடுக்காயும் ஒரு சிப்பம் கருப்பட்டியும் கேட்டார். சுவருக்குக் கருப்பட்டி எதற்கு? இரண்டையும் தட்டிப் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு, கோயிலுக்குப் பின்னால் சாக்கால் மூடிவைத்தார். நாள் முழுக்கச் சுண்ணாம்பு அரைத்ததோடு சரி, சுவரைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஊறல் இன்னும் பத்து நாளு கெடக்கணும் சார்."

ஊறலா! எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். சாராயம் காய்ச்சுகிறவன் போடுவது ஊறல். என் அப்பாவைத் தின்றதும் அதுதான்.

தினமும் போய் மோந்து பார்த்தேன். ஐந்தாம் நாள் நுரை கட்டி, வாடை மூக்கைத் துளைத்தது. கொத்தனாரின் கண்ணும் சிவந்திருந்தது. சுண்ணாம்புத் தூசியில் கண் சிவக்கத்தான் செய்யும், அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கோயில் வளாகத்திலேயே சாராயமா! சாமியாரிடம்கூடச் சொல்லாமல் பீப்பாயைச் சாய்த்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த கொத்தனார் சண்டை போடவில்லை. அடியில் கிடந்ததைக் கையில் அள்ளி நீட்டி, குடித்துப் பார்க்கச் சொன்னார். நாக்கில் வைத்தேன். சாராயமாவது ஒன்றாவது, சுண்ணாம்பில் கலக்கிற கடுக்காய்த் தண்ணீர்தான், துவர்ப்பில் வாய் இழுத்துக்கொண்டது. அப்படியும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அவர் பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். குடிகாரன், அதான் அனுப்பிவிட்டேன் என்று ஊருக்குள் சொன்னேன்.

திருவிழா நெருங்கியதால் சுவருக்குச் சிமெண்டு பூசினோம். ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் கட்டி, பழைய சுண்ணாம்பையும் பிய்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழுந்தது. சாமியார் என்னையே நிலக்கோட்டைக்கு அனுப்பினார். நான் கிளப்பிய பேச்சு எனக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. இரண்டு கோயில் வேலை கொத்தனார் கையைவிட்டுப் போயிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, தப்பு என்னுடையது என்று அவர் வாசலில் நின்று சொன்னேன்.

வந்தார். புதிதாக ஊறல் போட்டார். இந்த முறை பீப்பாயைக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க சார். சந்தேகம் வந்தா தொறந்து பாத்துக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழாம் நாள், அவர் சாப்பிடப் போன நேரத்தில், திறந்து மோந்தும் பார்த்தேன்.