முத்தட்டும் என்றேன்

என் தம்பிக்கு இருந்தது ஒரே கண். சின்ன வயதில் அம்மை போட்டபோது இடது கண் போய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணும் கிட்டப்பார்வை. தடித்த கண்ணாடி போட்டிருப்பான். அதை வைத்துக்கொண்டுதான் செம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் பயிரிட்டு வந்தான். நான் திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார். எனக்குக் கண்ணைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு பெயர். எங்கள் அம்மாவுக்குப் புரை எடுத்தபோது கூட இருந்தவன் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் படுத்துக் கிடந்ததிலேயே பாதி டாக்டர் ஆகிவிட்டேன்.

அந்தக் காலத்தில் புரையை உடனே எடுக்க மாட்டார்கள். முத்த வேண்டும். கண்ணின் பாப்பா வெளுத்து, எதிரே நீட்டிய விரலை எண்ண முடியாத நிலை வந்த பிறகுதான் அறுப்பார்கள். அம்மாவை இரண்டு தடவை 'இன்னும் முத்தவில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் ஊருக்கே வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நாலஞ்சு நாளாக் கண்ணுக்குள்ள மின்னல் வெட்டுது. கொசு மாதிரி என்னமோ பறக்குது. இப்பக் கீழ இருந்து கருப்பா ஒரு மறைப்பு ஏறி வருது."

வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, இமையைத் தூக்கிப் பார்த்தேன். பாப்பா கறுப்பாகத்தான் இருந்தது. வெள்ளையின் சுவடே இல்லை.

"புரைதாம்ப்பா. இன்னும் முத்தலை. முத்தட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றான். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனான். நிம்மதியாகவே போனான்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் விசாரிப்பேன். மறைப்பு பெரிசாகியிருக்கிறதா என்று கேட்பேன். ஆமாம், பாதிக்கு வந்துவிட்டது என்பான். நல்லது, முத்துகிறது என்பேன். அவன் கண் இருண்டுகொண்டு வருவதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பதை இன்றைக்கு எழுதவே கை கூசுகிறது. அவனும் சேர்ந்து சந்தோஷப்பட்டான். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. தக்காளிச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமல் அவன் செடியைப் பிடுங்கிப் போட்ட அன்றைக்குத்தான் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் இளவயதுக்காரர். அறையை இருட்டாக்கி, தலையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு வெகுநேரம் தம்பியின் கண்ணுக்குள் பார்த்தார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு, நீலப் பென்சிலால் தீட்டினார். வட்டத்தில் ஏறக்குறைய முழுவதும் நீலம். ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. நான் வாத்தியார் என்று தெரிந்ததும் என்னிடம் இங்கிலீஷில் பேசத் தொடங்கினார்.

இது புரையே இல்லை என்றார். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரை கிழிந்து, கிழிசல் வழியாக நீர் புகுந்து, திரை உரிந்துவிட்டது. நீலம் அத்தனையும் உரிந்த பகுதி. கண்ணின் வெளிப்பக்கம் இருந்து, கிழிசலைச் சுற்றி மின்சார ஊசியால் புள்ளி புள்ளியாகச் சுட்டு, பின்னால் தேங்கிய நீரை வடித்துவிட்டால், சூடு பட்ட தழும்பில் திரை ஒட்டிக்கொள்ளக்கூடும். அதற்குப் பிறகு, "ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். மறைப்பு தெரிந்த அன்றைக்கே வந்திருந்தால் படிக்கிற பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது நடுப்பகுதி செத்திருக்கும் என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"என்னண்ணே சொல்றாரு?"

"ஆப்பரேசன் பண்ணினா ஒட்டிருமாம்" என்றேன்.

ஆப்பரேசன் முடிந்து பதினைந்து நாள் கண்ணைக் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, மல்லாக்கக் கிடத்தினார்கள். தலை அசையக் கூடாது. மெல்லக் கூடாது, இருமக் கூடாது. நான் கரண்டியால் கஞ்சி ஊட்டினேன். அந்தப் பதினைந்து நாளும் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். அவன் முகத்தை எதிர்கொள்ளும் பயம்.

கட்டைப் பிரித்தார்கள். திரை நன்றாக ஒட்டியிருந்தது. டாக்டருக்கே ஆச்சரியம். ஆனால் தம்பிக்கு ஜன்னல் தெரிந்தது, ஆள் நடமாட்டம் தெரிந்தது, முகம் தெரியவில்லை. டாக்டர் சொன்னபடியேதான் ஆயிற்று. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம்.

நாலைந்து வருஷம் கழித்து, தோட்டத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் கண்ணில் மறைப்பு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பியே என் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் அவர் இமையைத் தொடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, இருவரையும் கூட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். அந்த ஆள் கண் போய்விடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முன் சீட்டில் இருந்த எனக்குத் தம்பி அவரைத் தேற்றுவது கேட்டது.

"பயப்படாதய்யா. எனக்கும் எங்க அண்ணன்தான் நேரங்காலமாக் கூட்டிட்டுப் போனாரு. இல்லேன்னா இம்புட்டு வெளிச்சங்கூட இருந்திருக்காது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டரிடம் மூன்று டிக்கெட் வாங்கினேன்.