சிலுவை விளக்குக்குத் தனி ஒயர்

இன்று திருப்பதியில் என் காரிலிருந்து எழுந்த கருகிய ஒயரின் வாடை, சித்தூரில் கார் எலெக்ட்ரீஷியன் காதர் மாமாவின், பேட்டரி அமிலம் மணந்த, இப்போது இல்லாத தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துச் சென்றது. அக்காவின் திருமணத்திற்கு முதல்நாள், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் நாங்கள் நைனா என்றழைக்கும் அப்பாவின் பழைய காரில் ஃப்யூஸ் போய்க்கொண்டிருக்க, சோதனை பல்பால் ஒயர் ஒயராகத் தொட்டுவந்த மாமா, மறைந்த அம்மா டாஷ்போர்டில் ஆசையாக வைத்த சிலுவை விளக்கில் வந்து நின்றார்.

“பிரேக் ஒயர்லயே இதுக்கும் கரண்ட் இழுத்துக்கினு கீறியேண்ணா! ஒயர் தேஞ்சு பாடில ஒட்டுது. விளக்கக் கழட்டிட்டா சரியாயிடும்.”

“அவ வச்சது, பாய். பொண்ணு நாளைக்கு இந்த வண்டிலதான் சர்ச்சுக்குப் போவணும்.”

மாமா பேட்டரியிலிருந்து சிலுவைக்கென்றே தனி ஒயர் இழுத்தார். பின்பு நைனாவைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, பின்விளக்கைப் பார்க்க என்னை அனுப்பிவிட்டு, முன்கண்ணாடி வழியே அணையாமல் எரிந்த அந்தச் சிலுவையையே பார்த்துக்கொண்டு நின்றார்.