ஒரு கேரவனும் ஊர் பேர் தெரியாத தண்ணீரும்

ஒழுகுகிற வீட்டுக்காரர் கூரையைப் பார்ப்பார். ஒழுகுகிற கேரவன்காரர் என் முகத்தைப் பார்ப்பார். இதுதான் என் தொழில்.

கேரவன் என்றதும் உங்களுக்கு நடிகர்கள் இளைப்பாறுகிற சொகுசு வண்டி ஞாபகம் வரலாம். ஜேர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே என் கொட்டகைக்கு வருகிறவை அந்த ரகமில்லை. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற பழைய சின்ன வீடுகள். வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பலகை, நடுவில் குளிர் தாங்க றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைத்தகடும் மரச்சட்டமும். தகட்டில் ஊசி முனையளவு துவாரம் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து சட்டத்தை உக்கி மட்கிப்போக வைத்துவிடும். அடைப்பது அரை நாள் வேலை. எங்கே புகுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் தலைமயிர் நரைத்துவிடும். பழைய வீட்டிலோ பழைய காரிலோ பழைய புருஷனிலோ கோளாறு எங்கே தொடங்கியது என்று தேடிக் களைத்தவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

போன வருசம் முழுக்க என்னைக் குழப்பியடித்த ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விரல் போன சுவர்

சிவராசா அண்ணை தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு, இலையுதிர் காலத்தில் ஒரு பழைய கேரவனை வாங்கினார். மனைவி யோகக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் காட்டினார். அன்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரர் ஜன்னலைச் சாத்தினாராம். வசந்தம் வந்ததும் அண்ணை அதை என் கொட்டகைக்கு இழுத்து வந்தார். முன்பக்க இருக்கைக்குக் கீழே, மூலையில் ஈரம். நான் சுவரை மெல்லத் தட்டிப் பார்த்தேன். தட்டிய விரல் அப்படியே உள்ளே போய்விட்டது.

விற்றவன் சொட்டு ஈரம் இல்லை என்று சத்தியம் பண்ணித் தந்தான், கள்ளன் ஏமாற்றிப்போட்டான் என்று அண்ணை பொருமினார். நானும் தலையாட்டினேன். விற்கிறவன் சத்தியம் பண்ணினால் பொய் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஜூன் மாதத்திலேயே பிழை திருத்தி முடித்துவிடலாம் என்று வாயை விட்டேன். அண்ணைக்கு அது போதும். ஓகஸ்டில் வடகடல் கரையில் வண்டி நிறுத்த இடம் பதிவு செய்திருந்தார். இரண்டு கிழமை, பதினாலு நாள், அவரும் அக்காவும் மட்டும். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் இருவரும் தனியே எங்கும் போனதில்லை. அகதியாக வந்து, வேலை, பிள்ளைகள், பிள்ளைகளின் படிப்பு என்று காலம் ஓடிவிட்டது. மனிதர் கண்ணில் அந்தக் கடல் தெரிந்தது. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு வண்டியின் வாசலில் நின்றா. உள்ளே ஏறவில்லை.

"நான் இந்த நாட்டுக்கு வந்து லீவெண்டு போனதெல்லாம் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான் தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகினாலும் இதைப் பழைய இரும்புக்குக் குடுத்துப்போட்டு இந்த முறையும் அங்கதான் போவம்."

சிலிக்கன் பக்தர்

உலகத்தில் எந்த ஓட்டையையும் சிலிக்கனால் அடைக்கலாம் என்று நம்புகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அண்ணை அதில் தீவிர அங்கத்தவர். ஜன்னல் ஓரம், கூரை மூலை, விளக்கு, கதவுக் கைபிடி என்று மாரி முழுக்கக் குழாய் குழாயாகப் பிதுக்கித் தள்ளியிருந்தார். வண்டி, வீட்டில் செய்த கேக் மாதிரி இருந்தது. புது ஒட்டுப்பசை பழைய சிலிக்கனின் மேல் ஒட்டாது. அதனால் என் முதல் வேலை, அவர் பக்தியோடு அப்பியதையெல்லாம் சுரண்டி எடுப்பது. பக்கத்தில் நின்று பார்த்த அவருக்கு முகம் வாடிப்போயிற்று.

முன் ஜன்னலைக் கழற்றிப் புதிதாகப் பதித்தேன். கூரை ஓரத்துப் பட்டியைக் கழற்றி, கீழே ஒட்டுப்பட்டை வைத்துத் திருப்பிப் பூட்டினேன். உக்கிய மூலையைக் கீழ்ப்பக்கம் வெட்டி எடுத்துப் புதுச் சட்டம் வைத்தேன். தண்ணீர்க் குழாயைக் கூரையிலும் ஜன்னலிலும் பிடித்து ஒரு மணித்தியாலம் சோதித்தேன். சொட்டுக்கூட வரவில்லை. ஆளையாள் பார்த்துச் சிரித்தோம். அந்தக் கிழமையே காற்றோடு ஒரு மழை. கொட்டகைக்கு வெளியே நின்ற வண்டிக்கு ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், நான் வைத்த புதுச் சட்டம் நனைந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணை மட்டும் என் மனம் நோகக்கூடாது என்று யோசித்து யோசித்துச் சொன்னார்:

"நீர் அடைச்ச இடமெல்லாம் நல்லா அடைஞ்சிட்டுது தம்பி. தண்ணிதான் வேற இடத்தால வருது."

இடம் மாறிய ஈரம்

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் முன்பக்கம் காய்ந்து கிடக்கிறது. மகிழ்ச்சியில் உள்ளே நடந்தேன். பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே குளம். முன்னுக்கு இருந்த தண்ணீர் பின்னுக்கு எப்படிப் போகும்? சரி, பின்னுக்கும் ஓட்டை என்று முடிவு கட்டி, பின் ஜன்னலைக் கழற்றி, பலகையை உரித்து, இரண்டு நாள் தேடினேன். சட்டமெல்லாம் கல்லுப்போல நல்ல மரம். ஓட்டை இருந்தால்தானே கிடைக்கும்.

வெளியே வந்து பெருமூச்சு விட்டபோதுதான் கவனித்தேன், வண்டியின் மூக்கு மற்றப் பக்கம் பார்த்து நிற்கிறது. விசாரித்தால், வண்டிக்குள் ஏறாமல் நின்ற யோகக்கா, சாமிக்காக மட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஏறிப் பூ வைக்கிறவ. வண்டிக்குள் முன்சுவரில், ஜன்னலுக்கு மேலே, பிள்ளையார் படம் ஒன்று இருந்தது. அது மேற்குப் பார்த்து இருக்கிறது, கிழக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டா. படத்தைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டுவதுதானே? இல்லை. சாமியை இடம் பெயர்க்கக்கூடாதாம். அண்ணை என்ன செய்தார்? காரைக் கொளுவி முழு வண்டியையும் திருப்பிவிட்டார். வண்டி நிற்கிற என் வளவு சரிவு. முன்னுக்கு ஓடி வந்த தண்ணீர், தரைக்குள்ளால் பின்னுக்கு ஓடியிருக்கிறது. ஓட்டை அதே ஒன்றுதான், அதுவும் எங்கே என்று தெரியாது. இரண்டு நாள் வேலை வீண். திருப்ப முதல் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அண்ணை தலையைச் சொறிந்தார்.

"அப்ப, தண்ணி முன்னுக்கே நிக்கட்டும் எண்டு சாமியை மேற்க பாக்க விடவோ?"

ஹோர்ஸ்டின் விசாரணை

கொட்டகையின் மற்றப் பாதியில் வண்டிகளுக்கு நிறம் பூசுகிற ஹோர்ஸ்ட் அதிகம் பேசாதவர். என் முகத்தைப் பார்த்து இரங்கி, ஈரம் அளக்கிற கருவியோடு வந்தார். பலகையில் வைத்தால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று இலக்கத்தில் காட்டும். அன்று வெள்ளிக்கிழமை. யோகக்காவும் பூவோடு நின்றா. ஹோர்ஸ்ட் கூரையில் வைத்தார், அலுமாரிக்குள் வைத்தார், ஜன்னலைச் சுற்றி ஒரு சாண் இடம் விடாமல் வைத்தார். முன்சுவரில் மேலே போகப் போக இலக்கம் ஏறியது. படத்தை எட்டப் போனபோது அக்கா கையை நீட்டி மறித்தா.

நான் தொடலாமா என்று கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, மத்தியானம் சந்திக் கடையில் என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் விசாரித்தா. பன்றி இறைச்சி சொசேஜ். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்தான் எத்தனை வருசம் ஜேர்மனியில் இருந்தாலும், சொசேஜ் சாப்பிட்ட கையால் பிள்ளையாரைத் தூக்குவானா? பிள்ளையாருக்குள்ளால் தண்ணீர் வராது, அது வேறு இடம் என்று நானே ஹோர்ஸ்டுக்கு ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்தினேன். அவர் கருவியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. அவரைத் தவிர எல்லாரையும் விசாரித்தாயிற்று."

ஆலங்கட்டித் தழும்பு

ஜூலை முடியப்போகிறது. அண்ணை தினமும் வரத் தொடங்கினார். கேள்வி ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருப்பார். அவர் கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். கேட்காமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒருநாள், கடற்கரை இடத்தை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாமா என்று தானே கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், வாளியில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்து வண்டியைக் கழுவத் தொடங்கினேன். குழம்பிப்போன நேரத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

முன்பக்கத் தகடு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். எப்போதோ ஆலங்கட்டி மழையில் அடிபட்டது. பழைய வண்டி என்றால் இருக்கும், அது தண்ணீர் விடாது. ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருந்த பழுப்பு நிற ஸ்டிக்கர்க் கோட்டின் மேல் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு போனேன். குழி, குழி, குழி. அடுத்தது உள்ளங்கையில் குத்தியது. திரும்பத் தடவினேன். மற்றதெல்லாம் உள்ளே போயிருக்க, இது ஒன்று மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் நுனியில் ஸ்டிக்கர் வெடித்திருந்தது. எத்தனை தடவை கண்ணால் பார்த்து, ஆலங்கட்டித் தழும்பு என்று விட்டிருப்பேன். ஹோர்ஸ்டைக் கூப்பிட்டேன். அவரும் தடவிப் பார்த்தார்.

"இந்த ஒரு ஆலங்கட்டி மட்டும் உள்ளே இருந்து பெய்திருக்கிறது."

ஆணி

அந்த இடத்துக்கு நேர் உள்ளே பிள்ளையார் படம். அண்ணை தொலைபேசியில் சொல்ல, யோகக்கா தலைக்குத் தோய்ந்து குளித்து, ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினா. வண்டிக்குள் ஏறிக் கும்பிட்டுவிட்டுப் படத்தைக் கழற்றினா. பின்னால் ஒரு நீட்டு ஆணி, ஊரில் கல்வீட்டுச் சுவருக்கு அடிக்கிற சைஸ். துருப்பிடித்துச் சிவந்திருந்தது. சுற்றியுள்ள பலகை கறுத்து ஊதியிருந்தது. மூன்று விரல் தடிப்புக்கூட இல்லாத சுவரை ஊடுருவி, ஆணி தகட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. காற்றோடு அடித்த ஒவ்வொரு மழையும் அதன் வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. விற்றவன் பண்ணிய சத்தியம் உண்மை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா பிறகு எப்போதோ ஸ்டிக்கரில் ஒட்டிய படம் என்றுதான் அண்ணை நினைத்திருந்தாராம். ஆணியை எப்போது அடித்தது என்று கேட்டார். அக்கா படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னா. வாங்கி வந்த அன்றைக்கே, சத்தம் போட்டு முடித்து, அண்ணை கடைக்குப் போன நேரம் பார்த்துத் தானே ஏறி அடித்ததாம். உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று வீறாப்பாக நின்ற மனுசி, முதல் நாளே ஏறிச் சாமி வைத்திருக்கிறா. அண்ணை அக்காவின் கையில் இருந்த படத்தைத் தானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் ஆணி கழற்றும் சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

"கோபத்தில இந்த மனிசன் தனிய வெளிக்கிட்டிடுமோ எண்டு பயந்துபோனன். தனிய விடாமல் ஒரு துணைக்குத்தான் வச்சனான்."

வடகடல்

இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. ஹோர்ஸ்டும் நானும் முன்சுவரை உரித்து, உக்கியதை வெட்டி எறிந்து, புதுச் சட்டம், புது றெஜிபோம், புதுப் பலகை வைத்தோம். வெளித் துவாரத்தை மூடி, அவர் பழுப்புக் கோட்டையும் திரும்ப வரைந்தார். பிள்ளையாரை இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவில் அக்காவே ஒட்டினா. வண்டி புறப்படும்போது நல்ல சகுனத்துக்குச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, அந்த எலுமிச்சையை நசுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டா. இனி எது செய்வதானாலும் என்னைக் கேட்டுத்தானாம்.

அவர்கள் போன முதல் கிழமை முழுக்க வடக்கில் மழை. நான் இங்கே ஒவ்வொரு நாளும் வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணைதான் என்று எண்ணிக்கொண்டு எடுத்தேன். ஐந்தாம் நாள் வந்தது அக்காவின் குரல். தகட்டில் மழை விழுகிற சத்தம் பின்னால் கேட்டது. எங்கே ஒழுகுது என்று கேட்டேன்.

"ஒழுகிறதோ? உள்ளுக்க ஒரு சொட்டு இல்லைத் தம்பி. வெளியால போகவும் ஏலாது, நாலு நாளா நானும் இவரும் முகத்தை முகம் பாத்துக் கதைச்சுக்கொண்டிருக்கிறம். இன்னும் ஒரு கிழமை இடம் இருக்குமோ எண்டு கேக்கச் சொல்லி இவரை மழைக்க அனுப்பியிருக்கிறன்."

இத்தனை வருசத் தொழிலில் நான் தெளிந்த ஒரே விசயம், வண்டிக்குள் ஏறியதும் முதலில் சாமியைக் கும்பிட வேண்டும், கும்பிட்ட கையோடு அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிப் பின்னால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான்.