குடிக்காமல் வைத்த காப்பி

கரக் என்ற அரபு ஊரில் யாருக்குப் பெண் கேட்கப் போனாலும் டயர் கடை முத்லக்கைத்தான் முன்னால் உட்காரவைப்பார்கள். பெண் வீட்டார் நீட்டும் காப்பியை வாங்கி, குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைத்தால்தான் கோப்பையைத் தொடுவார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் காப்பி ஆறியதில்லை. காரியம் முடிந்ததும் நெய் மிதக்கும் மன்சஃப் சோறு, அதன் மேல் இரண்டு சிகரெட். ஊருக்கெல்லாம் கல்யாணம் ஆக ஆக, அவருடைய இதயத்துக்குப் போகும் குழாய்களில் கொழுப்பு சத்தமில்லாமல் குடித்தனம் வைத்தது. புகை உள்சுவரைப் புண்ணாக்கியது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கூடச் சேர்ந்துகொள்ள, வழி குறுகிக்கொண்டே வந்தது.

மனுஷன் லேசில் ஒப்புக்கொள்கிற ஆளா? கோட்டை மேட்டில் ஏறும்போது நெஞ்சை அழுத்தும், நின்றால் விட்டுவிடும். அதனால் கடைக்குக் கடை நின்று நலம் விசாரித்தார். முத்லக்குக்குப் பணிவு வந்துவிட்டது என்று ஊர் மெச்சியது. டாக்டர் மெஷினில் ஓடவிட்டுப் பார்த்து, அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்றார். இவர் வாயு என்றார். மூன்று முறை தேதி கொடுத்தார்கள். மூன்று முறையும் யாருக்கோ பெண் கேட்கப் போய்விட்டார். அவருடைய தகப்பனார் இதே வலியில் ஐம்பத்திரண்டு வயதில் போனவர். முத்லக்குக்கு இப்போது ஐம்பத்தொன்று.

ஒரு வெள்ளிக்கிழமை, மனைவியின் அண்ணன் ஷாஹிர் தலைமையில் பன்னிரண்டு பெரியவர்கள் அவர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். காப்பியை வாங்கிக் கீழே வைத்தார்கள். இளைய மகளைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று முத்லக்குக்குத் தலைகால் புரியவில்லை. பெருந்தன்மையில் அவர் யாருக்கும் இளைத்தவரில்லையே.

"குடிங்க. என்ன கேட்டு வந்தீங்களோ, அதைக் கொடுத்தாச்சு," என்றார்.

பன்னிரண்டு பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்.

"சந்தோஷம் மச்சான்," என்றார் ஷாஹிர். "ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. சிகரெட்டு இன்னியோட சரி."

என் வித்தையை என்னிடமே காட்டுகிறீர்களா என்று முத்லக் குதித்தார். ஆனால் பன்னிரண்டு பேர் முன்னால் கொடுத்த வாக்கை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது?

எல்லோரும் போன பிறகு, மனைவி வத்ஹா தன் காப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீதானே கூட்டிட்டு வந்தது?"

"நாந்தான். நான் ஒருத்தி சொன்னா நீங்க எங்க கேட்டீங்க?"

முத்லக் காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "எனக்குப் பயமா இருக்கு வத்ஹா."

"எனக்கும்தான்." அவள் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "அவங்க குடிச்சிட்டாங்க. நான், நீங்க வீடு வந்து சேர்ந்த பிறகுதான் குடிப்பேன்."