நடுச்சுவர்ச் சூடு

மார்கழிக் காலையில் அடுப்பு மூட்டச் சென்னியம்மாளுக்கு மனம் வராது. விறகு விற்ற விலை அப்படி. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நாமக்கல் பஸ்களே கரியில் ஓடின. வேலங்கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்குப் போயிற்று. ஓமலூரில் கட்டிக்கொடுத்த மகள் பொங்கலுக்குத்தான் வருவாள். ஒருத்தி வயிற்றுக்கு மாலையில் ஒரு வேளை உலை வைத்தால் போதாதா?

குளிருக்கு அவளிடம் வேறு வழி இருந்தது. அவள் புருஷனும் கொழுந்தனும் பாகம் பிரித்தபோது சமையலறைக்கு நடுவே மண்சுவர் எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டியே அடுப்பு. அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிஞ்சிய ஓரகத்திகள் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. ஆனால் கோழி கூப்பிட்டதும் அந்தப் பக்கம் உண்ணாமலை அடுப்பு மூட்டுவாள். சற்றைக்கெல்லாம் இந்தப் பக்கம் சுவர் வெதுவெதுக்கும். சென்னியம்மாள் முதுகைச் சாய்த்துக்கொள்வாள். பக்கத்தில் ஆள் இருப்பது போலிருக்கும்.

நாலு நாளாகச் சுவர் சுடவில்லை. உண்ணாமலையின் இருமல் மட்டும் கேட்டது.

ஐந்தாம் நாள் விறகு விற்கும் ராசாத்தி சுமையோடு வாசலில் நின்றாள்.

"ஒரு சுமை எறக்கட்டுங்களா, அம்மா?"

"உன் வெலைக்கு ஊட்டு உத்தரத்தையே உருவி எரிச்சுக்கலாம். போ புள்ள!"

"அந்த ஊட்டு அம்மாளும் இதையேதானுங்க சொன்னாங்க!" ராசாத்தி சிரித்தாள். "காத்தால அடுப்பையே நிறுத்திப்புட்டாங்களாமா. 'ஆறு வருசமா நானே மூட்டுனேன், அங்க சாஞ்சுக்கிட்டாங்க. ஒரு நாளாச்சும் எங்கக்கா மூட்டக் கூடாதா? செவுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன், சில்லுனு கெடக்குது'ங்கறாங்க."

சென்னியம்மாளுக்கு முகம் சுருங்கியது. "நான் சாயறது அவளுக்கு எப்படியாமா தெரியும்?"

"நீங்க சாயற சத்தம் கேக்குமாமுங்க. அதைக் கேட்டாத்தான் அவிகளுக்கு விடிஞ்ச மாதிரியாமா."

சென்னியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"எறக்கு" என்றாள்.

மறுநாள் கோழி கூப்பிடும்போதே சென்னியம்மாளின் அடுப்பு எரிந்தது. உலைகூட ஏற்றவில்லை, வெறும் தீ. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் காதை வைத்துக் காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. வீம்புக்காரி, வர மாட்டாள் என்று நினைத்தாள். ஒரு கட்டை எரிந்து சாம்பலாயிற்று.

பிறகு அந்தப் பக்கம் இருமல் மெல்லக் கிட்டே வந்தது. சுவரில் பொத்தென்று ஒரு முதுகு சாய்ந்தது.

சென்னியம்மாள் சத்தம் வந்த இடத்துக்கு நேராகத் தன் முதுகைச் சாய்த்து, கைக்கெட்டிய கட்டையை அடுப்பில் தள்ளினாள்.