அம்மாவின் இடது கால்

எங்கள் வீட்டில் பிக்கப் வண்டி ஓட்டியது அம்மாதான். இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று இப்போதும் சிலர் நினைக்கிறார்கள். பிறந்த ஊரான சுந்தரபாண்டியத்தில் கல்யாணத்துக்கு முன்பே டிராக்டர் ஓட்டி உழுதவளுக்கு பிக்கப் என்ன பெரிய விஷயம்? அப்பா ராணுவத்தில் இருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அவர் வாங்கிப்போட்ட வண்டி வெயிலில் காய வேண்டாமே என்று அம்மா லைசென்ஸ் எடுத்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேல்களை ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் இறக்கினாள். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் கியர் மாற்றுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

பெரியப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. சோழபுரத்தில் தோட்டமும் இரண்டு கிணறும் வைத்திருக்கிற தன் கௌரவத்துக்கு, தம்பி பெண்டாட்டி லாரிக்காரர்களுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போவது இழுக்கு என்று நினைத்தார். வெளியே சொன்னதென்னவோ, பாவம் ஒற்றைப் பொம்பளை சிரமப்படுகிறாள், ஒரு டிரைவரைப் போட்டுவிடலாம் என்பதுதான். அந்த டிரைவரையும் அவரே பார்த்து வைத்திருந்தார்.

அந்த வருஷம் அப்பா லீவு முடிந்து ரயிலேறிய சில வாரங்களில் வண்டிக்குச் சீக்கு வந்தது. காலி வண்டியாக இருந்தால் ஒழுங்காக ஓடும். லோடோடு பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கிடந்து கத்தும், வண்டி மட்டும் முன்னேறாது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடும். கூடவே ஒரு கருகல் வாடை. ஒருநாள் பாதி ஏற்றத்தில் நின்றே போனோம். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சேலையைக் கண்டதும் அவர்களுக்குக் காரணம் விளங்கிவிட்டது.

மறுநாளே பெரியப்பா ஒரு மெக்கானிக்கை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வண்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆகிறது, பிளேட் தேய்ந்திருக்கும், கியர் பெட்டியை இறக்கினால்தான் ஆகும் என்றார். ஓட்டுகிறவர் இடது காலை எந்நேரமும் கிளட்ச் மேலேயே வைத்திருப்பதால் வருகிற வினை இது என்றும் சொன்னார். அத்தனையையும் அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். பெரியப்பாவுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

"நான் சொன்னா பொல்லாப்பு. ஏம்மா, வேலை முடிஞ்ச பொறவு நம்ம ஆளு ஒருத்தன் வருதான். சாவிய அவன்ட்ட குடுத்துரு."

அம்மா குள்ளம். அந்தக் கிளட்சை முழுசாக மிதிக்க சீட்டின் நுனிக்கு வந்து காலை நீட்ட வேண்டும். மிதித்த கையோடு காலை எடுத்தால்தான் அவளுக்கு இடுப்பு தாங்கும். அவளா காலை அதன்மேல் வைத்துக்கொண்டு சொகுசாக ஓட்டுவாள்?

அம்மா சண்டைக்குப் போகவில்லை. வண்டிக்குள் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்னைச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னாள். டாப் கியரைப் போட்டு மெல்லக் கிளட்சை விட்டாள். கிளட்ச் நன்றாகப் பிடித்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே திணறி நிற்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்லிப்தான், சந்தேகமில்லை. மெக்கானிக் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்புறம் அவள் கீழே இறங்கிக் குனிந்து, கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கினாள். டிராக்டரில் அவள் ஊரில் அப்படித்தான் பார்ப்பார்களாம். முதலில் கொஞ்ச தூரம் பெடல் லொடலொடவென்று சும்மா போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். இதில் தொட்ட உடனே விறைப்பாக இருந்தது.

"இங்க யாரும் காலே வைக்க வேண்டாம்ணே. நான் வீட்டுக்குள்ள சோறு பொங்கிக்கிட்டு இருந்தாலும் இது மிதிச்ச மாதிரிதான் கெடக்கு."

மெக்கானிக்கும் அமுக்கிப் பார்த்தார். அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, கிளட்சை இழுக்கிற கேபிளின் நட்டை யாரோ கடைசி வரைக்கும் இறுக்கி வைத்திருக்கிறார்கள், யார் கைவைத்தது என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அப்பாவுக்கு உலகத்தில் எதுவும் தொளதொளவென்று இருக்கக் கூடாது. லீவில் வந்தால் கட்டில் நாடா, துணி காயப்போடும் கயிறு, தார்ப்பாய் முடிச்சு என்று எல்லாவற்றையும் இழுத்து இறுக்கிவிட்டுத்தான் போவார். கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அம்மா எட்டி மிதிக்கிறாள், இனி தொட்டாலே போதும் என்று என்னிடம் சொல்லவும் செய்தார். நான் வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, உள்ள போயி மெக்கானிக் அண்ணனுக்குத் தண்ணி கொண்டா" என்றாள் அம்மா. நான் செம்போடு வரும்போது, எந்தப் பட்டறையில் எவன் திருகினானோ, யார் கண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்பானரை வாங்கிக்கொண்டு அவளே அடியில் போனாள். நட்டைத் தளர்த்துவாள், வெளியே வந்து பெடலை அமுக்குவாள், மறுபடி உள்ளே போவாள். திருப்தியான பிறகு முன்போலவே டாப் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பொட்டென்று அணைந்தது.

"ஓடுன வண்டியும் போச்சா" என்றார் பெரியப்பா.

"நிக்கணும்யா. நின்னாத்தான் கிளட்ச் பிடிக்குன்னு அர்த்தம்" என்றார் மெக்கானிக். நல்ல மனுஷன், பிளேட்டில் இன்னும் உயிர் இருக்கிறது, கண்டுபிடித்தது நல்லதாயிற்று என்று அம்மாவைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே லோடை ஏற்றி, பெரியப்பாவையும் உட்காரவைத்து, அம்மா அந்தப் பாலத்தில் ஏறினாள். எஞ்சின் முனகக்கூட இல்லை. ஊரே எழுந்து கை தட்ட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் அப்பா போனில் கேட்டபோது, வண்டி நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னாள். ஜெயித்தவள் சொல்லவில்லை, செய்தவருக்குத் திட்டும் விழவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

அடுத்த லீவில் அப்பா வந்து வண்டியில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பிறகு இறங்கிக் கையால் அமுக்கிப் பார்த்தார். பெடல் கொஞ்ச தூரம் லொடலொடவென்று சும்மா போனது. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது வெடிக்கும் என்று நான் காத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வண்டியை வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், டிரைவர் சீட்டை நன்றாக முன்னால் தள்ளி, உயர்த்தி, அசையாதபடி பற்றவைத்துக்கொண்டு வந்தார். நெட்டையான அவருக்குத் திரும்பி வரும்போதே முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்துச் சிராய்த்திருந்தது. அம்மா ஏறி மிதித்துப் பார்த்து, நல்லா இருக்கு என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, நெட்டையான ஆள் எவனும் இதில் உட்கார முடியாதே, நீயே எப்படி ஓட்டுவாய் என்று கேட்டார்.

"நான் எதுக்கு ஓட்டணும்? அவ ஓட்டுவா" என்றார் அப்பா.

வருஷம் முழுக்க அம்மா பாடுபடுகிறாள், லீவில் வந்தும் இவருக்கு வண்டி ஓட்ட உடம்பு வணங்கவில்லையே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.